எடைக்கல்லோடு வரும் சட்டம்

ஈயத் தடையை இந்த இதழ் ஆதரிக்கிறதா இல்லையா என்று கேட்டு எழுதுபவர்களுக்கு ஒரே பதில்: ஆதரிக்கிறது. 2025 ஜூலை 10 அன்று இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் சேர்த்து வந்த அறிவிப்பில் சண்டை போட அதிகம் இல்லை. வேட்டைக்கான ரைஃபிள் குண்டு 6.17 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம். கடைசலுக்கு ஏற்ற பித்தளையில் ஈயம் 3 சதவீதம் வரை இருக்கும் என்பதைக்கூட யாரோ யோசித்திருக்கிறார்கள். பாராட்டு. மான்கறியில் ஈயத்துகளைத் தூவி வீட்டில் பரிமாறுவதற்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒன்றுமில்லை.

6.17க்குக் கீழே உள்ளவை தப்பித்துவிட்டன. ஸ்காட்லாந்தில் ரோ மானுக்கு .223 செல்லும், ஆகவே அந்தக் கறியில் ஈயமும் செல்லும். இதை இன்னொரு நாள் பேசலாம்.

இன்று பேச வேண்டியது கிரெய்ன், அதாவது குண்டின் எடை. ‘மறுபடியுமா’ என்று பழைய வாசகர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. மறுபடியும்தான்.

1985ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து ஆணை பெரிய மான்களுக்கு 100 கிரெய்னுக்குக் குறையாத குண்டு வேண்டும் என்றது. உறைக்குள் ஈயம் அடைத்த குண்டை மனதில் வைத்து எழுதிய விதி அது. முழுச்செம்பில் .243க்கு 100 கிரெய்ன் என்றால் குண்டு எவ்வளவு நீளும், 1:10 ட்விஸ்ட் அதை எப்படித் தள்ளாட விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் 100ஐ 80 ஆக்கினார்கள். ஏன் 80? .243க்கு விற்கும் செம்புக் குண்டுகளில் 80 கிரெய்ன் பரவலாகக் கிடைக்கிறது, அதற்கேற்ப விதியை வெட்டிக்கொண்டார்கள் என்பதே என் ஊகம். எடையைக் கேட்பதே தவறு என்று சொன்னவர்களுக்கு, எடையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம் என்று பதில்.

குண்டு குழல்வாயில் எத்தனை கிரெய்ன் என்பதில் மானுக்கு அக்கறை கிடையாது. 180 கிரெய்ன் உறைக்குண்டு உள்ளே சிதறி மூன்றில் ஒரு பங்கை இழந்தால் மிஞ்சுவது 120. 130 கிரெய்ன் செம்பு நான்கு இதழாக மலர்ந்தாலும் ஏறக்குறைய 130ஆகவே மறுபக்கம் போகிறது. செம்புக்கு வேண்டியது வேகம். வேகம் இல்லையென்றால் மலராது. வினாடிக்கு 2,000 அடி என்பது நான் வைத்திருக்கும் கோடு. சில தயாரிப்புகள் அதற்குக் கீழேயும் திறக்கும். நான் அதை நம்பிச் சுடுவதில்லை.

இந்தக் கோட்டை எனக்குக் கற்பித்தது ஒரு கலைமான். 18 அங்குலக் குழல் .308, 168 கிரெய்ன், முனையில் பிளாஸ்டிக் இல்லாத பழைய குழிமுனை வகை, தூரம் 310 கஜம். அடி நெஞ்சில் சரியாக விழுந்தது. மான் ஒருமுறை முதுகை வளைத்தது, பிறகு எதுவும் நடக்காததுபோல் மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. சதுப்பில் இருட்டும்வரை தேடி, நாயின் தயவில் கண்டெடுத்தோம். கொட்டகையில் தோலை உரித்தபோது நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் ஒரே அளவு. சுண்டுவிரல் நுனி நுழையாது. நடுவில் நுரையீரலில் ஊசி குத்தியதுபோல் ஒரு தடம், அவ்வளவே.

ஆனால் அந்தத் தோட்டா சட்டத்தின் எல்லாத் தேர்விலும் தேறியது. எடை 168, அப்போது 100 போதும். குழல்வாயில் 2,500 அடி வேகம், 2,450 போதும். 2,300 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல், 1,750 போதும். மானைத் தொட்டபோது வேகம் 1,950க்கும் கீழே என்பதை எந்த விதியும் கேட்கவில்லை. அதே குழலில் 130 கிரெய்ன் 2,900இல் கிளம்பியிருந்தால் அந்தத் தூரத்தில் 2,100க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அவ்வளவு தூரத்தில் சுட்டது என் தப்பு. அதைச் சட்டத்தின் தலையில் கட்டவில்லை. கனமான குண்டே கருணை என்று என் தலையில் ஏற்றியது மட்டும் யார்?

சுவீடனில் மூஸுக்கான முதல் வகுப்புத் தோட்டா விதியாவது 100 மீட்டரில் அளந்தது. ஆனால் அங்கேயும் எடைக்கல் போகவில்லை. நெடுங்காலம் நின்ற விதி இது: 9 கிராம் குண்டென்றால் 2,700 ஜூல், 10 கிராம் என்றால் 2,000 ஜூல் போதும். 9 கிராம் என்பது 139 கிரெய்ன். 3,000 அடியில் கிளம்பும் 130 கிரெய்ன் செம்பு 100 மீட்டரில் 2,800 ஜூலைத் தாண்டுகிறது. மூஸுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதே இடத்தில் 2,075 அடிக்கு இறங்கிவிட்ட, மலருமா மலராதா என்று தடுமாறும் 10 கிராம் குண்டை வரவேற்றார்கள்.

இதையெல்லாம் கணக்கோடு எழுதி ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அனுப்பினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது: தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. எதில் குறித்துக்கொண்டார்களோ. கீழே கையெழுத்துப் போட்டவர் ஒரு தடவையாவது மான் உரிக்கும் கொட்டகையில் நின்றிருப்பாரா என்று கேட்டு நான்காவது கடிதம் எழுதினேன். அதை அனுப்பவில்லை, மனைவி வாங்கிக் கிழித்துவிட்டார்.

இப்போது ஈயம் போகிறது. விதிகளை எப்படியும் திறந்து பார்க்கத்தான் போகிறார்கள். 80ஐ 70 ஆக்கும் வேலையோடு நிற்காமல், எடை வரியை மொத்தமாக அடித்துவிட்டு, மலரும் வேகத்தைத் தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிடச் செய்யட்டும். அவர்கள் சோதிக்காத எண் அல்ல அது.

அதுவரை பெட்டியில் அச்சிட்டிருக்கும் குழல்வாய் வேகத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் எடுத்தது. மாடரேட்டர் பூட்டிய உங்கள் சொந்தக் குழலில், நீங்கள் சுடப்போகும் தோட்டாவை, குளிர்காலக் காலையில் குரோனோகிராஃப் வைத்து அளந்து எழுதுங்கள். குழல் நீளம், ட்விஸ்ட், குண்டின் எடை, வேகம், அடிபட்ட மான் எத்தனை கஜம் ஓடியது — ஐந்தே விவரம். ஓடிய தூரத்தைக் குறைத்து எழுத வேண்டாம். ஐந்தாவது கடிதத்தோடு அவற்றை இணைக்க வேண்டியிருக்கிறது.