நெசவாளரின் அந்தரங்கம்
ஆரணியில் பாவும் ஊடையும் சரிகையும் கொடுத்துக் கூலி வழங்கும் கூட்டுறவுச் சங்கமாயினும், தனியார் ஜவுளி முதலாளியாயினும், முன்பு தடித்த பேரேட்டில் எழுதி இரும்புப் பீரோவில் பூட்டிவைத்த நெசவாளரின் ஜீவன விவரங்கள், இன்று ஆதார் எண், வங்கிக் கணக்கு, சேமநிதிப் பிடித்தம், வாங்கிய முன்பணம், வாரிசுதாரர் பெயர் என்று கணினியின் ஒரே கோப்பில் வந்து அமர்ந்துவிடுகின்றன. பேரேட்டைத் திருடுகிறவன் அதைச் சுமந்து செல்ல வேண்டும். கோப்பையோ ஒரு விநாடியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், அனுப்பியது உரியவருக்குத் தெரியவும் தெரியாது. கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையோரத்தில் ஒட்டிவைத்து, கணக்கர் முதல் பயிற்சிக்கு வந்த பையன் வரை அனைவரும் அதனையே உபயோகிக்கும் அலுவலக வழக்கத்தை நான் அற்பக் குறையாக எண்ணவில்லை. ஒருவருடைய முன்பணப் பாக்கி இன்னொரு முதலாளியின் செவிக்கு எட்டினால், கூலி பேசும் பலம் அன்றே அவரை விட்டுப் போய்விடும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை நிமித்தமாகச் சில விவரங்களை ஊழியரின் சம்மதமின்றியே கையாள இடங்கொடுத்து, பாதுகாவலில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. சம்மதம் கேட்க வேண்டாத இடத்தில் காவல் இரட்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆளுக்கொரு கடவுச்சொல், கூலி போடுகிறவருக்குக் கூலிப் பக்கம் மாத்திரம், யார் எப்போது திறந்தார் என்னும் பதிவு ஆகிய இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஆரணியின் சங்கங்கள் அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.