பல்லுக்கொழுக்கட்டைக்கு மண்டபம் எதற்கு?

கொழும்பு காலிமுகத்திடலின் கடலோரத்திலே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவுசெய்த உலாவும் பாதையைக் கொழும்பிலுள்ள பெண்களினதும் சிறுவர்களினதும் நன்மைக்காகத் தமக்குப் பின் வருவோரின் பொறுப்பில் அவர் விட்டுச்சென்றதை அக்கல் தெரிவிக்கிறது. அன்று அவரது மனதில் இருந்தோர் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பத்தினராகவே இருந்திருப்பர். ஆயினும், இன்று அத்திடலிலே பட்டம் விடும் பிள்ளைக்கு எந்த மொழி, எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. இறால் வடை வாங்கக் காசில்லாதவரும் தம் பிள்ளையைக் கூட்டிச்சென்று கடலைக் காட்டிவிட்டு வரலாம்.

சிறு பிள்ளைகளுடன் வெளியே செல்வது பணத்தைப் பொறுத்த விடயமன்று என்பதற்கு அக்கல் ஒரு சாட்சி. அண்மைக்காலமாகக் கிடைக்கும் சில அழைப்பிதழ்களைப் பார்க்கும்போது அந்த எண்ணம் எம்மவரிடையே மங்கி வருகிறதோ என்ற ஐயம் எழுகின்றது. பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததற்கு மண்டபம், முதலாவது பிறந்தநாளுக்கு அதைவிடப் பெரிய மண்டபம், இரண்டுக்கும் வீடியோக்காரர், மேடை அலங்காரம், விருந்து. திருமண அழைப்பிதழுக்குச் சற்றும் குறையாத அட்டையிலே, இன்னும் நடக்கத் தெரியாத குழந்தையொன்று எம்மை அழைக்கிறது.

பல்லுக்கொழுக்கட்டை என்ற சடங்கின் இயல்பை இளைய தலைமுறையினரிற் சிலர் அறியாதிருக்கலாம். பிள்ளைக்குப் பல் அரும்பியதும் கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போல் நறுக்கி அதிலே பதிப்பார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையை வெள்ளைத் துணியால் மூடி, பேத்தியாரோ மாமியோ கொழுக்கட்டையைத் தலையிலே மெல்லச் சொரிவார். பின்னர், புத்தகம், பேனை, நகை போன்ற பொருட்களைப் பிள்ளையின் முன் பரப்பி வைத்து, அது எதை எடுக்கிறது என்று பார்த்துச் சிரிப்பார்கள். ஆர்மேனியர்களிடமும் ஏறத்தாழ இதே வழக்கம் உண்டு. அவித்த கோதுமையைப் பிள்ளையின் தலைக்கு மேலே தூவி, அவர்களும் பொருட்களைப் பரப்பி வைக்கிறார்கள். எங்கோ இருக்கும் இரு சமூகங்கள் ஒரு பல்லைக் கண்டு ஒரே விதமாக மகிழ்ந்திருக்கின்றன என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இச்சடங்குக்கு வேண்டியவை அரிசிமா, ஒரு தேங்காய், ஒரு பாய், சுற்றியிருக்க நாலு உறவுகள். தைப்பூசத்திலோ விஜயதசமியிலோ ஏடு தொடக்குவதற்கும் ஒரு தட்டு அரிசியும் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத ஒரு பெரியவரும் போதும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பதும் அவ்வாறானதே. எமது முன்னோர் பிள்ளை வளர்ச்சியின் படிகளை ஏழையும் செய்யக்கூடிய விதமாகவே வகுத்திருந்தனர். வசதியுள்ள வீட்டிலும் வசதியற்ற வீட்டிலும் கொழுக்கட்டை ஒன்றுதான். அந்தச் சமத்துவமே மண்டபத்தினால் முதலிற் குலைகிறது. மேல்வீட்டார் செய்ததை நாமும் செய்யாவிட்டால் மதிப்பில்லை என்று கருதி நகையை அடகு வைக்கும் பெற்றோரும் உள்ளனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு இது என்பதை நாம் இவ்வளவு விரைவில் மறந்துவிடலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இன்று வடக்கிலும் கிழக்கிலும் பெற்றோராக இருப்பவர்களிற் பலர் போர்க்காலத்துப் பிள்ளைகள். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எடுத்துச் செல்லக்கூடியவற்றை மட்டுமே மக்கள் எடுத்துச் சென்றார்கள். 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியோர் அதையும் இழந்தார்கள். வீட்டோடு அல்பங்களும் போயின. தாம் சிறுவயதில் எப்படி இருந்தோம் என்பதைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத எத்தனையோ பேர் எம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் தம் பிள்ளையை ஆயிரம் படம் எடுப்பதையும், தமக்குக் கிடைக்காத பிறந்தநாளைப் பிள்ளைக்குப் பெரிதாகச் செய்வதையும் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், பெற்றோர் இழந்தது எதை என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அவர்கள் இழந்தது மண்டபத்தையன்று. அச்சமின்றி ஒரு மாலையில் வெளியே போய் வருவதை இழந்தார்கள். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. மீண்டும் அந்நிலையத்துக்கு ரயில் வந்தது 2014 ஒக்டோபரிலேதான். அந்த இருபத்துநான்கு ஆண்டுகளிலே குடாநாட்டிற் பிறந்து, அதைவிட்டு வெளியே செல்லாமலே வளர்ந்தவர்களுக்கு ஹெலிகொப்டரின் ஓசை தெரியும். ரயிலின் கூவல் தெரியாது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது முறுகண்டிப் பிள்ளையாரடியிலே இறங்கித் தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்த குடும்பங்களின் மகிழ்ச்சிக்கு அளவிருக்கவில்லை. 2006 ஓகஸ்டிலே அப்பாதை மீண்டும் மூடப்பட்டது. இழந்ததை ஈடுசெய்வதென்றால் இந்தப் பயணங்களையே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

மலையகத்திலே இழப்பு வேறு விதமானது. தாய் கொழுந்து பறிக்கச் செல்ல, குழந்தை பிள்ளைக் காம்பராவில் வளர்கிறது. அது முதலடி எடுத்து வைப்பதைத் தாய்க்கு முன்னர் அங்கே பராமரிப்பவர் கண்டுவிடுவது வழமை. கொழும்பிலே இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மாறி மாறி வேலை செய்யும் எம்மவர் வீடுகளிலும் இதே கதைதான். பிள்ளையின் முதற்சொல்லைத் தொலைபேசியிற் கேட்கும் தந்தையர் எத்தனை பேர்! அந்த நேரத்தைத் தவறவிட்டோமே என்ற குறை உள்ளுக்குள் இருப்பதனாலேயே விழாவைப் பெரிதாகச் செய்கிறோம் என்றும் கொள்ளலாம். மண்டபச் செலவுக்காக மேலதிக வேலை செய்து, பிள்ளையோடு இருக்கும் நேரம் மேலும் குறைவதுதான் இதிலுள்ள பெரும் முரண்பாடு.

மூன்று வயதுப் பிள்ளையைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிச்செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நாம் நுழைவுச்சீட்டு எடுத்துச் சிங்கத்தைக் காட்டுவோம். பிள்ளை குப்பைத் தொட்டியில் இருக்கும் காகத்தைப் பார்க்கும். நாம் யானையைக் காட்டுவோம்; அது தன் செருப்பில் ஏறிய எறும்பைக் காட்டும். பெரியவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். பிள்ளைக்கோ எல்லாமே முதற்காட்சிதான். காகமும் சிங்கமும் அதற்கு ஒரே விலை. ஆதலால், பிள்ளையோடு செல்லும் பயணத்தை அளக்க வேண்டியது பார்த்த இடங்களின் எண்ணிக்கையால் அன்று. பிள்ளை நின்ற இடத்திலே நாமும் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதால்தான். நல்லூர்த் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளுடன் வரும் புலம்பெயர் உறவுகளுக்கும் இதையே சொல்லலாம். பத்து நாட்களில் பதினைந்து கோயில்களும் இருபது வீடுகளும் என்று ஓடினால் பிள்ளைக்கு ஊர் நினைவிருக்காது. வானின் பின்னிருக்கைதான் நினைவிருக்கும். காரைநகர் கசூரினாக் கடற்கரையிலே ஒரு மாலை முழுவதும் மணல் அளைய விட்டால், அந்தப் பிள்ளை ஒருவேளை மீண்டும் வரக் கேட்கும்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போக இடம் இருந்தாலன்றோ போவார்கள்? ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று அதன் 31 ஆவது உறுப்புரை கூறுகிறது. யாழ் நகரிலே சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது, பழைய பூங்கா இருக்கிறது. ஆனால், நகரத்துக்கு வெளியே ஒரு தாய் கைக்குழந்தையுடனும் நடக்கப் பழகும் பிள்ளையுடனும் கட்டணமின்றி ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வரக்கூடிய இடம் எத்தனை பிரதேச சபைகளின் எல்லைக்குள் இருக்கிறது? அப்படி இருந்தாலும் அங்கே நிழலுண்டா, குடிநீருண்டா, துப்புரவான மலசலகூடம் உண்டா, குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவான ஓர் ஆசனம் உண்டா? ஊஞ்சலின் சங்கிலி அறுந்தால் எத்தனை மாதங்களில் மாற்றுகிறார்கள்? திறப்பு விழாவுக்கு நாடாவும் பெயர்ப்பலகையும் தவறாமல் வருகின்றன. பராமரிப்புக்கு எவரும் வருவதில்லை.

வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதி கேட்கிறோம், விளக்குக் கேட்கிறோம். வாக்கில்லாத பிள்ளைகளுக்காக ஓர் ஊஞ்சலும் ஒரு நிழல்மரமும் கேட்பதற்கு எவருமில்லை. காலனித்துவ ஆளுநர் ஒருவருக்கு 1859 இல் தோன்றிய எண்ணம், எமது வாக்குகளால் தெரிவான உறுப்பினர்களுக்கும் தோன்றவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையன்று.

பெற்றோர் செய்யக்கூடியதும் கடினமானதன்று. பல்லுக்கொழுக்கட்டையைப் பேத்தியார் வீட்டு விறாந்தையிலே அவிக்கலாம். ஒரு படம் எடுத்தபின் கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிடலாம். மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் பெயரிலே வங்கியில் இட்டு, மற்றொரு பகுதியிலே குடும்பமாக யாழ்தேவியில் ஏறலாம். பிள்ளை யன்னலோரத்தில் இருக்கட்டும். அது கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வதற்கு அந்தப் பயணம் முழுவதும் நேரமிருக்கும்.