எந்தக் கோட்டுக்கு மேலே வெள்ளம்?

நம்ம மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு தாண்டினால் பள்ளிபாளையம், அங்கே காவிரி. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடியை ஒட்டித் தண்ணீர் வந்தபோது, பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோர வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. கூடுதுறையில் பவானி ஆறும் வந்து சேர்கிறது. ஆகவே கரையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது, இரண்டு ஆறும் ஒன்றாகப் பெருகும் நாளுக்குத்தான்.

"மேட்டூரில் நூறில் ஒரு நாள், பவானிசாகரில் நூறில் ஒரு நாள், இரண்டும் சேர்வது பத்தாயிரத்தில் ஒரு நாள்" என்று பெருக்கிச் சொல்லிடலாம். அது தப்புக் கணக்கு! இரண்டு ஆற்றுக்கும் தென்மேற்குப் பருவமழைதான் தாய். ஒன்று பெருகும்போது மற்றதும் பெருக வாய்ப்பு அதிகம்.

சரி, எவ்வளவு அதிகம்? அங்கேதான் கோடு போடும் வேலை. எந்த அளவுக்கு மேலே போனால் 'வெள்ளம்' என்று எண்ணுவது? கோட்டைத் தாழ்த்திப் போட்டால் சாதாரண நாட்களும் கலந்து கணக்கைக் கெடுக்கும். உயர்த்திப் போட்டால் கையில் மிஞ்சுவது நாலைந்து நாள்தான். இரண்டு ஆற்றுக்கும் ஒரே கனஅடியில் கோடு போடுவதும் சரியில்லை, பவானி சிறியது. அதனதன் வரத்தில் மேலே உள்ள பத்தில் ஒரு பங்கு நாள் என்று எடுப்பதே நியாயம்.

ஒரு உதாரணக் கணக்கு. 1000 நாளில் ஒவ்வொரு ஆறும் 100 நாள் கோட்டைத் தாண்டுகிறது. சம்பந்தமே இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து தாண்டுவது சுமார் 10 நாள். எண்ணிப் பார்த்தால் 60 நாள் என்று வைப்போம். கோட்டை இன்னும் உயர்த்துங்கள்: 10 நாள் மட்டும் தாண்டும்போது, அதில் 6 நாள் சேர்ந்தே வந்தால் பெருவெள்ளத்திலும் இரண்டும் கூட்டாளிகள். 1 நாளாகக் குறைந்தால் உச்சத்தில் பிரிகின்றன. ஆனால் அந்த 10 நாளும் ஒரே வெள்ளத்தின் அடுத்தடுத்த நாட்களாக இருந்தால்? அது பத்து சாட்சி இல்லை, ஒரே சாட்சி!

என் கருத்து இதுதான்: ஒரே கோட்டைப் போட்டு ஒரே விடையை நீட்டாதீர்கள். நாலைந்து கோடு போட்டு, விடை எங்கே நிலைக்கிறது, எங்கே ஆடுகிறது என்று இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். நாளை சிவில் சூப்பர்வைசராகத் தடுப்புச் சுவருக்கு உயரம் குறிக்கப்போவது நாமதான். நாம் மறைத்த ஆட்டத்தை, ஒரு ராத்திரி கரையோரக் குடும்பம்தான் முழங்கால் தண்ணீரில் நின்று தெரிந்துகொள்ளும்.