பழவேற்காட்டிற்கு ஏன் போகவேண்டும்?

ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாப் பேச்சு எழுந்தவுடன் வகுப்பறையில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். ஒரு கட்சி மகாபலிபுரம் என்னும். மற்றொரு கட்சி வண்டலூர் உயிரியல் பூங்கா என்னும். துணிவுள்ள இரண்டொருவர் பின் வரிசையிலிருந்து ஊட்டி என்று குரல் கொடுப்பர். அருட்சகோதரியார் பேருந்துக் கட்டணத்தைச் சொன்னவுடன் ஊட்டி மறைந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் யாரும் பழவேற்காடு என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. இத்தனைக்கும் அது நமக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியரும் இருக்கிறார்கள். ஒருவேளை அதனால்தான் நமக்கு அது பார்க்கத் தகுந்த இடமாகத் தோன்றவில்லையோ என்னவோ! மீன் வாடை வீசும் ஊரைப் பார்க்கக் காசு கொடுத்துப் போவதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வெகு தூரத்திலுள்ள ஓர் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ரிவர்சைட் என்ற நகரம். அங்கே ஒரு தெருமுனையில், கம்பி வேலிக்குள் ஓர் ஆரஞ்சு மரம் நிற்கிறது. எலிசா டிபெட்ஸ் என்ற அம்மையார் 1873-ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த விதையில்லா ஆரஞ்சுக் கன்றுகளை வாங்கி நட்டார். அவற்றிலிருந்து ஒட்டுக் கட்டிய மரங்களால் அந்தப் பகுதியே செல்வம் கொழிக்கும் தோட்டமாயிற்று. இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை வீடுகளாகிவிட்டன. எனினும் அந்த ஒரு மரத்தை விடாமல் காக்கிறார்கள். அரசாங்கச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். பூச்சி அணுகாமல் வலைக் கூடாரமும் போட்டிருக்கிறார்கள். ஆரஞ்சு விளைந்த காலத்தை நினைவூட்டத் தனியாகப் பெரிய பூங்காவும் அமைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே சென்று, தங்கள் ஊர் எதனால் வாழ்ந்தது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

நமக்கு அப்படி ஏதேனும் உண்டா? பழவேற்காடு என்ற பெயரில் பழம் இருந்தாலும் அங்கே பழத்தோட்டம் ஏதும் கிடையாது. பழைய வேலங்காடு என்பதே அப்படித் திரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எலுமிச்சை வேண்டுமானால் ஏரியைத் தாண்டி வடக்கே கூடூர்ச் சந்தைக்குத்தான் போகவேண்டும். ஆனால் ஆரஞ்சு ரிவர்சைடை வாழவைத்தது போலப் பழவேற்காட்டை வாழவைத்த பொருள் ஒன்று உண்டு. அது துணி. கட்டம் போட்ட பருத்தித் துணி.

நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கைலியின் ஓரத்தில் ‘பாளையகாட்’ என்று முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பாலக்காடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பழவேற்காடுதான்! வெளிநாட்டு வணிகர் வாயில் இந்த ஊர்ப்பெயர் பலியகட், புலிகாட் என்றெல்லாம் உருமாறி, துணியின் பெயராகவே நிலைத்துவிட்டது. மலேசியாவில் இன்றும் கைலியை ‘கைன் பெலிகாட்’ என்கிறார்கள். பழவேற்காட்டுத் துணி என்பதே அதன் பொருள். கடல் கடந்து நானூறு ஆண்டுகளாக ஒரு சிற்றூரின் பெயர் மக்கள் இடுப்பில் வாழ்கிறது. அந்த ஊருக்கு வெகு அருகில் வசிக்கும் நமக்கு இது தெரியவில்லை.

வணிகம் நடந்த விதம் வியப்பானது. ஒல்லாந்தர் என்று நம் பாடநூல்கள் கூறும் டச்சுக்காரர்களுக்குக் கிழக்கே மொலுக்கஸ், பண்டா தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் வேண்டியிருந்தன. அத்தீவு மக்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணிகளையே விரும்பிக் கேட்டார்கள். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள்களைப் பெற்று ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1610-ல் சந்திரகிரியை ஆண்ட வேங்கடபதி தேவராயரிடம் அனுமதி பெற்றார்கள். அவர்களுக்கு முன்பே வந்திருந்த போர்த்துகீசியர் 1612-ல் அந்தப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதனால் 1613-ல் கெல்திரியா என்ற கோட்டை எழுந்தது. 1639-ல் ஆங்கிலேயர் தெற்கே மணல்வெளியில் ஓர் இடம் வாங்கிச் சென்னப்பட்டணத்திற்கு அடிகோலியபோது, பழவேற்காடுதான் பெரிய பட்டணம். 1690-ல் ஒல்லாந்தர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். 1781-ல் அதை இழந்து மீண்டும் இங்கே வந்தனர். 1825-ல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயினர். இவ்வளவு போதும். தேர்வுக்கு வேண்டியவர்கள் மற்ற ஆண்டுகளைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த பகுதி சாயம் போட்ட கதைதான். கட்டம் போட்ட துணிக்கு நெய்த பிறகு சாயம் தோய்ப்பதில்லை. நூலுக்கு முதலில் சாயமேற்றிப் பிறகு நெய்வார்கள். நீலத்திற்கு அவுரி, சிவப்பிற்குச் சாயவேர். சாயவேர்ச் செடி கடலோர மணலில் வளரும் சிறு செடி. மணலைக் கிளறி மெல்லிய வேரைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, இடித்துச் சாயம் இறக்கினார்கள். வெய்யிலுக்கும் வெளுப்புக்கும் அசையாத அந்தச் சிவப்புக்காகவே வணிகர்கள் ஆலாய்ப் பறந்தார்கள். பிறகு 1869-ல் ஐரோப்பிய வேதியியலார் சிவப்புச் சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கக் கண்டுபிடித்தார்கள். 1897-ல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. அத்துடன் வேர் தோண்டியவர்களின் பிழைப்பும் போயிற்று. இன்று குப்பத்து மணலில் நடக்கும்போது, இந்த மணலிலிருந்துதான் உலகத்துக்குச் சிவப்பு நிறம் போயிற்று என்று யாராவது நமக்குச் சொன்னால், அந்த நடையே வேறாகிவிடாதா?

தையல் வகுப்புத் தோழியருக்கு ஒரு செய்தி. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் ஆற்று முகத்துவாரப் பகுதியில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். நம் கரையிலிருந்து போன கட்டத் துணியை வாங்கி, அப்பெண்கள் பிளேடால் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, துணிக்குள் புதிய கோலம் ஒன்றை உண்டாக்குகிறார்கள். திருமணத்திற்கும் இறுதிச் சடங்கிற்கும் அத்துணி இல்லாமல் முடியாது. மேற்கிந்தியத் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப்பில் பெண்கள் விழாக்களில் தலையில் கட்டும் கட்டத் துணிக்கு ‘மட்ராஸ்’ என்றே பெயர்.

சரி, பழவேற்காட்டில் இன்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கோட்டை இல்லை, முட்புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான் உள்ளன. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலின் இரு புறமும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நம்மை வரவேற்கின்றன. (பயந்த சுபாவமுள்ளவர்கள் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.) உள்ளே பெரிய கற்பலகைகளில் டச்சு மொழி எழுத்துகளும் குலச்சின்னங்களும் புடைப்பாகத் தெரிகின்றன. இறந்தவர்களில் இளம் மனைவியரும் குழந்தைகளும் உண்டு. ஊருக்குள் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கடிகாரம் உண்டு. நம் மகிமை மாதா ஆலயம் 1515-ல் போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆப்ரகாம் ரொகேரியுஸ் என்ற டச்சுப் போதகர் இங்கே பத்தாண்டுகள் தங்கி, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து நம் நாட்டுச் சமய வழக்கங்களைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651-ல் ஹாலந்தில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூலில்தான். இவ்வளவும் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

இங்கேதான் என் கருத்தைச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பழவேற்காட்டிற்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லறைகளைப் பார்த்து, புகைப்படம் எடுத்து, ஏரிக்கரையில் நண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போவதைவிடப் போகாமலிருப்பதே மேல். ஏனெனில் கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் துணி வாங்கி விற்றவர்கள். நெய்தவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. தறியில் உட்கார்ந்த ஆண், நூல் நூற்ற பெண், வேர் தோண்டியவர், மூட்டையைச் சலங்குப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனவர் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

அதைவிடத் துயரமானதும் ஒன்று உண்டு. துணிக் கப்பல்கள் புறப்பட்ட அதே துறையிலிருந்து அடிமைக் கப்பல்களும் புறப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், பசி தாளாமல் மக்கள் தங்களையும் தாங்கள் பெற்ற பிள்ளைகளையும் சில படி அரிசிக்கு விற்றார்கள். ஒல்லாந்தர் அவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குக் கொண்டுபோயினர். அவர்களில் நம் வயதுச் சிறுமியரும் இருந்திருப்பார்கள். வரலாற்றுப் பாடத்தில் ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தைப் படித்துக் கண்கலங்குகிறோம். நம் வீட்டு வாசலில் நடந்ததைப் படிப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஆளுநர்களுக்காக நிற்கும் ஒரு நிமிடத்தில் பாதியை, கல்லறையே இல்லாத அந்தப் பிள்ளைகளுக்காக நின்று செபிக்கக் கொடுத்தால் என்ன?

இரண்டாவதாக, பழவேற்காடு செத்துப்போன ஊரல்ல. கடலையும் ஏரியையும் பிரிக்கும் மணல்திட்டிலும் கரையிலும் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஏரி, ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. இங்கே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன குடும்பத்தார் இன்ன இடத்தில் வலை கட்டவேண்டும் என்று முறைவைத்து, நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லாருக்கும் மாறி மாறிக் கிடைக்கச் செய்வார்கள். எழுதப்பட்ட எந்தச் சட்டத்திற்கும் முன்னால் வந்த ஏற்பாடு இது. அதிலும் குறை உண்டு. பாட்டில் இடமில்லாதவர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இருளர் இனப் பெண்கள் இடுப்பளவு சேற்று நீரில் அமர்ந்தபடி இதைச் செய்கிறார்கள். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல்நீர் வராது. இறால் குஞ்சும் வராது. ஆரணியாற்று நீர் வருவதும் குறைந்துவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. நெசவு போனது போல மீனும் போய்விடுமோ என்ற கவலை அந்த வீடுகளில் இருக்கிறது. இதை நம் விடுதித் தோழியரிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் நாம் கேட்பதில்லை. ஊர் எது என்று கேட்டால் அவர்களில் சிலர் ‘பொன்னேரிப் பக்கம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதற்கு நாமும் ஒரு காரணம்.

ஆகவே இந்தச் சுற்றுலாவில் நமக்கு வழிகாட்டிகள் அவர்களாகவே இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். கல்லறைக்கு ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரம் குப்பத்தில் கழியட்டும். வலை பின்னுவதையும், காலையில் மீன் ஏலம் போவதையும், பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் முடையும் முஸ்லிம் பெண்களின் கைவேலையையும் பார்க்கலாம். பெட்டிகளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். குளிர்காலமானால் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். கலங்கரை விளக்கமும் இருக்கிறது. அங்கே போனால் ஏரி ஒரு புறமும் கடல் மறுபுறமும் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இந்த ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே படகுச் சவாரி வேண்டவே வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். யார் கெஞ்சினாலும் சகோதரியார் மனமிரங்கக் கூடாது. ஏரியைக் கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

குடிநீரும் மதிய உணவும் நாமே கொண்டுபோகலாம். மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிடலாம். கட்டணம் மகாபலிபுரத்திற்கு ஆவதில் பாதிகூட ஆகாது. ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும்போது, அப்பாவின் கைலி ஓரத்தை ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.