கொப்பி அடிக்கிறவங்களுக்கு ஒரு கைதட்டல்

"ஆரோ அறுபது வருசத்துக்கு முதல் வாசிச்சத அப்பிடியே கொப்பி அடிக்கிறதுல என்ன இரிக்கு?"

போன கிழமை எங்கள் வட்டத்தில் விழுந்த கேள்வி இது. யூடியூப்பில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நரைத்த தலையோடு நாலு பேர், தி ஷேடோஸ் குழுவின் 'அபாச்சி'யை வாசிக்கிறார்கள். (யாழ்ப்பாணத்தில் அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா என்று ஒருத்தர் சொல்ல, கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு.) அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

ஷேடோஸ், பிரிட்டனில் க்ளிஃப் ரிச்சர்ட் பாட, பின்னால் நின்று வாசித்தவர்கள். 1960இல் அவர்களின் 'அபாச்சி' அங்கே ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அதில் ஒரு வரிப் பாட்டும் இல்லை. அதே வருசம் அமெரிக்காவில் தி வெஞ்சர்ஸ் குழுவின் 'வோக், டோன்ட் ரன்' வந்தது. அதிலும் பாட்டில்லை.

விசயம் இங்கேதான் இருக்கிறது. பாட்டுக்காரர் இருந்தால் குரலை வைத்து ஆளை மட்டுக்கட்டலாம். குரலே இல்லாத குழுவுக்கு அந்தச் சத்தம்தான் முகம். ஹேங்க் மார்வினின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், வொக்ஸ் அம்ப்ளிஃபயர், வாசித்த சத்தத்தைக் காந்தத்தில் பதிந்து கொஞ்சம் பிந்தித் திருப்பித் தருகிற எக்கோ மெஷின், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் 'அபாச்சி'. அதனால்தான் இந்த நினைவுக் குழுக்காரர்கள் பழைய மெஷின்களைத் தேடித் திரிகிறார்கள். எந்தப் பாட்டுக்கு எதிரொலி எத்தனை மில்லிசெக்கன் பிந்தி வரவேண்டும் என்றுகூடக் கணக்குப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் விசர் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒலிப்பதிவு முடிவை மட்டும்தான் வைத்திருக்கும். கை எப்படிப் போனது, எந்த இடத்தில் விரல் அழுத்தியது என்பதைத் திரும்ப வாசிக்கிறவர்தான் கண்டுபிடிக்கிறார்.

வெஞ்சர்ஸைப் பாருங்கள். ட்ரம்ஸ் வாசித்த மெல் டெய்லர் 1996இல் இறந்தார். அவருடைய மகன் லியோன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டொன் வில்சனும் 2022இல் போய்விட்டார். தொடங்கிய ஆட்கள் இல்லாவிட்டாலும் குழு வாசிக்கிறது. இதையும் கொப்பி என்று சொல்வோமா?

பழசையே பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதே 'அபாச்சி'யை 1973இல் இன்க்ரெடிபிள் பொங்கோ பேண்ட் தங்கள் பாணியில் வாசித்தது. அதிலுள்ள தாளத் துண்டை நியூயோர்க்கின் ப்ரொங்ஸில் டிஜே கூல் ஹெர்க் திரும்பத் திரும்பப் போட்டார். ஹிப்ஹொப்பின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. பழசைக் காதில் வைத்திருந்ததால்தானே அவர்களால் புதுசு செய்ய முடிந்தது.

இப்போது எங்கட ஊருக்கு வாங்க. குரலில்லாத குழுவுக்குச் சத்தமே முகம் என்றால், கல்முனைக் கரையின் முகம் எது? நோன்பு மாசத்தில் சஹருக்கு எழுப்ப, றபானைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும் பக்கீர் பாவாக்களின் அடி. பொல்லடியில் கம்போடு கம்பு மோதும் தாளம். இன்றைக்கு எங்களை எழுப்புவது ஃபோன் அலாரம். விழா மேடைகளில் பென்டிரைவில் கொண்டுவந்த ட்ராக் ஓடுகிறது. ஒரு நிகழ்ச்சிக்கு றபான்காரர் ஒருவரைக் கூப்பிடுவோம் என்று நாங்கள் கேட்டபோது, "அதெல்லாம் இப்ப ஆரு கேக்கிற?" என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் பேசாமல் வந்துவிட்டோம். அதுதான் இப்போது குத்துகிறது.

அந்த நரைத்த தலைக்காரர்களுக்கு மெஷின் கிடைக்கும், பழைய இசைத்தட்டு கிடைக்கும், சங்கம் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது வயது போன சில கைகள் மட்டும்தான். ஃபோனில் பதிந்து ஸ்டேட்டஸ் போடுவது நல்லது, ஆனால் காணாது. எங்களில் ரெண்டு பேராவது அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்த அடியைக் காட்டித் தாங்க" என்று கேட்கவேண்டும். பிழையாகத் தட்டி, ஏச்சு வாங்கி, திரும்பவும் தட்டவேண்டும்.

கொப்பிதான். வாற நோன்புக்கு முதல் தொடங்குவோம் என்று நினைக்கிறோம். வாறவங்க சொல்லுங்க.