இரண்டு நாள் பயிற்சி, ஒரு சர்டிபிகேட்!

பொறியியல் கல்லூரி கதவு திறந்தால் போதும், "ஒர்க் ஷாப்" நோட்டீஸ் ஒட்டி விடுகிறார்கள். ரோபோ செய்யலாம் வாங்க, டிரோன் பறக்க விடலாம் வாங்க, பங்கு மார்க்கெட்டில் பணம் பண்ணலாம் வாங்க என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். தலைக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வசூல். கடைசியில் ஆளுக்கு ஒரு சர்டிபிகேட்!

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மளிகைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பொட்டலம் கட்டுகிறவரின் பையிலிருந்து வருகிறது. மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் குமாஸ்தாவின் சம்பளக் கவரிலிருந்து வருகிறது. "இதுக்குப் போனாத்தான் வேலை கிடைக்குமாம்பா" என்று மகன் வந்து நின்றால், எந்தத் தகப்பன் இல்லை என்பான்?

பயிற்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மின்சாரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கிய பையனுக்கு, மல்டி மீட்டரின் கம்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் தமிழக அரசு 2022 மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. அந்த இரண்டு நாளில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

பத்து தலை, ஒரு பெட்டி

காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. அதற்குள் மணி பதினொன்று. டீ, பிஸ்கட். பிறகு திரையில் படம் காட்டுவார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சாமான் பெட்டி வெளியே வரும். ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்து தலை. முன்னால் நிற்கும் இரண்டு பேர் கம்பி மாட்டுவார்கள். மற்றவர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். பல்பு எரிந்ததும் கைதட்டல். கம்பியைத் தொட்டவனுக்கும் தொடாதவனுக்கும் ஒரே சர்டிபிகேட்!

சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனால் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, சின்னச் சின்ன போர்டு எல்லாம் சில்லரையில் கிடைக்கின்றன. அதே பணத்துக்குச் சாமான் வாங்கிப் பையன் கையில் கொடுத்தால், இரண்டு தடவை புகையும். மூன்றாவது தடவை வேலை செய்யும். புகைந்தது ஏன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பாடம் கேட்க வேண்டுமா? ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோ பாடங்களைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கத்தான் கட்டணம்.

இதிலாவது நஷ்டம் ஆயிரம், இரண்டாயிரத்தோடு போகிறது.

"லாபம்" காட்டும் ஆசாமி

பணம் பண்ணக் கற்றுத் தரும் பயிற்சியில்தான் வில்லங்கம். கோட்டு சூட்டு போட்ட ஆசாமி மேடை ஏறி, "இன்று காலை மட்டும் இவ்வளவு" என்று செல்போனைக் காட்டுவார். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோருடைய நம்பரும் டெலிகிராம் குரூப்பில் ஏறிவிடும். கணக்கு தொடங்க லிங்க் வரும். கணக்குக்கு இவ்வளவு என்று கமிஷன் பார்க்கும் பேர்வழிகளும் உண்டு.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் "செபி" 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2024 மார்ச்சில் முடிந்த 3 நிதியாண்டுகளில் "பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்" வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்தமாகப் போனது 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இறங்கியவர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்கள் 31 சதவீதமாக இருந்தது, ஒரே ஆண்டில் 43 சதவீதமாக ஏறியது.

93 பேர் தோற்கும் ஆட்டத்தைக் கல்லூரி ஹாலிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். இதுவே ஹாஸ்டலில் சீட்டுக்கட்டு என்றால் வார்டன் விடுவாரா?

செபியில் பதிவு செய்யாத ஆள், காசு வாங்கிக்கொண்டு "இந்தப் பங்கை வாங்கு, அதை விற்று விடு" என்று யோசனை சொல்வது சட்ட விரோதம். பதிவு உண்டா, இல்லையா என்று செபியின் இணையதளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் மேடை கொடுக்கும் கல்லூரி நிர்வாகத்தை யார் கேட்பது?

தலைக்கு மேல் கடன்

இதில் வேடிக்கை என்னவென்றால், எதிரே உட்கார்ந்து கேட்கும் மாணவர்களில் பலர் கல்விக் கடன் வாங்கிப் படிக்கிறவர்கள். அந்தக் கடனைப் பற்றி மேடையில் மூச்சு விடுவதில்லை.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு, அடுத்த லட்சத்துக்கு 4 ஆண்டு என்று கூட்டிப் பார்த்தால், தனி வட்டியே 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 7 ஆயிரத்து 100 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். முதல் சம்பளம் 18 ஆயிரம் என்றால் மிச்சம் என்ன?

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4½ லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், இடைக்கால வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் உண்டு. இதைச் சொல்ல கோட்டு சூட்டு வேண்டாம். பக்கத்துத் தெரு பாங்கி அதிகாரியை ஒரு மத்தியானம் கூப்பிட்டால் போதும். சம்பளச் சீட்டில் பி.எப். என்று பிடிப்பது என்ன, கிரெடிட் கார்டு பாக்கிக்கு வட்டி எப்படி ஏறுகிறது என்பதையும் அவரே சொல்லி விடுவார்.

உயர்கல்வித் துறை ஒரு உத்தரவு போடலாம். வெளியார் யார் பயிற்சி நடத்தினாலும், அவர் யார், என்ன தகுதி, வசூல் எவ்வளவு, ஒரு பெட்டிக்கு எத்தனை மாணவர், கையால் செய்யும் நேரம் எத்தனை மணி என்று நோட்டீஸ் போர்டில் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். சேர மறுக்கும் மாணவனின் இன்டர்னல் மார்க்கில் கை வைக்கக் கூடாது.

டெலிகிராம் லிங்க்கை நம்பி ஏற்கெனவே பணத்தைப் பறிகொடுத்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்க வேண்டாம். சைபர் குற்றப் புகார் எண் 1930. எவ்வளவு சீக்கிரம் போன் செய்கிறார்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.