பலகை மாறினால் பதற வேண்டாம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. எங்கள் இல்லத்துக் கணிப்பொறி ஓசையின்றி அணைந்தது. அதன் பிறகு எழவேயில்லை. கடைக்குக் கொண்டு சென்றோம். சோதித்துப் பார்த்தவர், "மதர்போர்டு போய்விட்டது. இதற்குச் செலவு செய்வதை விடப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றார். அவர் கண்ட நோய் சரியானதே. ஆனால், அவர் சொன்ன மருந்தை ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

காரணம், அந்தப் பெட்டிக்குள் என் வாப்பா அவர்களின் குரல் இருந்தது. மறைவதற்கு முந்தைய ஆண்டில், எங்கள் குடும்பத்தார் கப்பலேறிப் போன கதையையும், திரும்பி வந்து வீடு கட்டிய கதையையும் அவர்கள் சொல்லச் சொல்ல என் மகள் பதிவு செய்து வைத்திருந்தாள். வேறெங்கும் படியெடுத்து வைக்கவில்லை. அந்த அலட்சியத்திற்கு நானே பொறுப்பு. எனவே புதிய மதர்போர்டு ஒன்றை வாங்கி, பழைய பிராசசரையும் ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் அதில் பொருத்துவதென்று முடிவு செய்தோம். அம்முயற்சியில் நாங்கள் இடறிய இடங்களை நீங்கள் அறிந்து வைத்திருப்பது நன்று.

மதர்போர்டு என்பது மற்ற உறுப்புகளையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து அதன் இணைப்புகளை அரித்துவிடுகின்றன. மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் தன் பங்கைச் செய்கிறது. பழுதான பலகைக்கு மாற்று வாங்கும்போது இரண்டு பொருத்தங்கள் பார்க்க வேண்டும். முதலாவது, பிராசசர். அது அமரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. 2017-இல் வெளிவந்த இன்டெல் 300 வரிசைப் பலகைகளின் சாக்கெட், முந்தைய பலகைகளில் இருந்த அதே எல்.ஜி.ஏ. 1151 தான், ஆயினும் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர்கள் அவற்றில் இயங்குவதில்லை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பலகைகளிலோ, பயாஸ் பழைய பதிப்பாக இருந்தால் பின்னர் வந்த பிராசசரை அது அடையாளம் காணாது. ஆகவே, பலகையைத் தயாரித்த நிறுவனம் வெளியிடும் பிராசசர் பட்டியலைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். இரண்டாவது, ராம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிற்கும் 288 முனைகளே என்றாலும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. அழுத்திப் பொருத்த முயன்றால் உடையும்.

நாங்கள் இரண்டையும் பார்த்தே வாங்கினோம். தங்கை மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடுபட்டுப் பூட்டினோம். பொத்தானை அழுத்தினோம். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினோம், மீண்டும் அரைச் சுற்று. திரையில் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் மனிதர் பதறிவிடுகிறார். "புதிய பலகையே பழுது" என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் கடைக்காரரோடு வாதிடுவதற்கான சொற்களையும் மனத்திற்குள் அடுக்கத் தொடங்கினேன். தங்கை மகன்தான், "மாமா, பலகையைக் குறை சொல்லும் முன் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துப் பார்ப்போம்" என்றான். வயதில் இளையவன் சொன்னாலும் அறிவுடைய சொல் அறிவுடைய சொல்லே.

அவன் சொன்ன முறை இதுதான். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைக்க வேண்டும். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் இரண்டு மின் இணைப்புகள், திரை ஆகியவை மட்டும் போதும். வேறெதுவும் கூடாது. கேபினெட்டின் பொத்தானுக்குரிய இரண்டு முனைகளை ஒரு திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டால் பலகைக்கு உயிர் வரும். அங்கே பாய்வது மிகக் குறைந்த அழுத்தமுள்ள மின்சாரமே; அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதனுள்ளே உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

அவ்வாறே செய்தோம். விசிறி சீராகச் சுழன்றது. திரையில் எழுத்துகள் தோன்றின! பலகை குற்றமற்றது என்பது ஐந்தே நிமிடத்தில் தெளிவாயிற்று. அப்படியானால் குற்றம் கேபினெட்டுக்குள் இருக்க வேண்டும். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். எங்கள் பழைய பலகை 244 மி.மீ. சதுரமுள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வகை, புதியது 305 மி.மீ. நீளமுள்ள முழு ஏ.டி.எக்ஸ். வகை. பழைய பலகையின் கீழ் விளிம்பைத் தாங்கிக்கொண்டிருந்த பித்தளைத் தாங்கி ஒன்றை நாங்கள் அகற்றாமல் விட்டிருந்தோம். புதிய பலகையில் அதற்கு நேராகத் துளை இல்லை. ஆதலால் அந்தப் பித்தளை, பலகையின் முதுகிலுள்ள பற்றவைப்புப் புள்ளிகளைத் தொட்டு மின்குறுக்கை உண்டாக்கியது. ஆபத்தை உணர்ந்த எஸ்.எம்.பி.எஸ். தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு பலகையைக் காத்திருக்கிறது. நான் பழுதென்று நினைத்ததுதான் பாதுகாப்பு. அந்தத் தாங்கியைக் கழற்றி, புதிய பலகையின் துளைகளுக்கு நேராக மட்டும் தாங்கிகளை அமைத்தபின் கணிப்பொறி எழுந்தது.

உங்கள் வீட்டில் குறை வேறாக இருக்கலாம். ஆனால், தேடும் முறை ஒன்றே: குறைந்த உறுப்புகளோடு தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்த்துச் சோதியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணமென்று அறிய முடியாது. அடிக்கடி நேரும் பிழைகள் சில:

பிராசசருக்கென்று தனியாக, பலகையின் மேல் மூலையில் 4 அல்லது 8 முனை மின் இணைப்பு உண்டு. 24 முனைப் பெரிய இணைப்பை மட்டும் செருகிவிட்டு இதை மறப்போர் மிகப் பலர். விசிறி சுழலும், திரை இருண்டிருக்கும்.

ராம் இருபுறமும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். நான்கு இடங்கள் இருந்து ராம் ஒன்றே ஆனால், பெரும்பாலான பலகைகளில் பிராசசரிலிருந்து இரண்டாவது இடமே உரியது.

டி.டி.ஆர்.5 ராம் பொருத்திய பலகை முதன்முறை இயங்கும்போது, ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரையை இருட்டாகவே வைத்திருக்கக்கூடும். பொறுமையிழந்து அணைத்துவிடாதீர்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் திரையின் கம்பியை அதில்தான் செருக வேண்டும், பலகையில் அன்று.

இன்டெல் பலகையின் சாக்கெட்டில் இருக்கும் மெல்லிய முனைகள் விரல் பட்டாலே வளைந்துவிடும். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வைத்திருங்கள். அதுவின்றிப் பலகையைத் திருப்பிக் கொடுத்தால், முனை வளைந்ததற்கு உங்களையே பொறுப்பாக்குவார்கள்.

கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுரீரென்று உறைத்தால், வீட்டு எர்த் இணைப்பு சரியில்லை என்று கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சீர்செய்யுங்கள்.

எங்கள் சோதனை இத்துடன் முடியவில்லை. எழுந்த கணிப்பொறி விண்டோஸைத் திறக்காமல், நீலத்திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது! எஸ்.எஸ்.டி.யில் உள்ளவை பிட்லாக்கர் என்னும் பூட்டால் மறைகுறியாக்கப்பட்டிருந்தன. அதைத் தானாகத் திறக்கும் சாவி, பழைய பலகையோடு பிணைந்த டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதியில் இருந்தது. பலகை போனதும் அந்தச் சாவியும் போயிற்று. பூட்டு போட்ட நினைவே இல்லையே என்பீர்கள். 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக உள்நுழைந்தால் பெரும்பாலான கணிப்பொறிகளில் இப்பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். எண் தொலைந்தால் கடைக்காரராலும் முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் எடுத்துக் கொடுக்க இயலாது.

மகளுக்குக் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இல்லை. வீடே மௌனமாயிற்று. அப்போது என் துணைவியார் எழுந்து சென்று வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் உறையைக் கொண்டு வந்தார். அதனுள் மடித்த தாள் ஒன்று. ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். மகள் எப்போதோ அச்சிட்டு மேசையில் விட்டுச் சென்றது. "என்னவென்று தெரியவில்லை. எண்ணாக இருந்ததால் எறிய மனம் வரவில்லை" என்றார். கணிப்பொறி அறிந்த நாங்கள் இருவரும் செய்யத் தவறியதை, அதைத் தொட்டறியாத அவர் செய்திருந்தார்.

அன்று இரவு வாப்பா அவர்களின் குரலைக் கூடத்தில் அமர்ந்து அனைவரும் கேட்டோம். மறுநாளே அதை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் படியெடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டிற்கு அனுப்பிவிட்டோம்.

வாசகர்களே! உங்கள் கணிப்பொறி நலமாக இயங்கும் இன்றே மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். மீட்பு எண்ணை அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இழக்க முடியாதவற்றை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். விண்டோஸ் உரிமத்தின் வகையையும் அறிந்து வையுங்கள். இயந்திரத்தோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தப் பலகைக்கே உரியது, தனியாக வாங்கியதையோ புதிய பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். பலகையை மாற்ற நேரும்போது, பழையது இன்னும் இயங்குகிறதென்றால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

பலகை போனால் பலகை வாங்கலாம். அதனோடு போகக் கூடாதவை எவையென்று பலகை போகும் முன்பே எண்ணிப் பார்ப்பதுதான் அறிவுடைமை.